விருது விஷயத்தில் இயற்பியல் துறைகள் சொதப்பும் இடங்கள்

துறை ஆண்டறிக்கையில் "விருதுகள், கௌரவங்கள்" என்று ஒரு பகுதி வருமே, அதை எழுதும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான் இருக்கிறது. நான் கேட்டு வாங்கியதில்லை; ஒரு கூட்டத்தில் டீ குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் கமிட்டியில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் கீழே சொல்லும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன், மீதியைச் செய்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தவறுதான் பெரிய தவறு. "தகுதி இருந்தால் விருது தானா வரும்" என்று நம்புவது. வராது. யாராவது உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டும். டோனா ஸ்டிரிக்லண்ட் 2018-இல் இயற்பியல் நோபல் பெற்றபோது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். இன்னும் ஏன் முழுப் பேராசிரியர் ஆகவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள், நான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார் அவர். நோபல் வாங்கித் தந்த வேலையோ 1985-இல், அவர் ராசெஸ்டரில் பிஎச்.டி. மாணவியாக இருந்தபோது வெளியான கட்டுரை. நம் துறைகளிலும் இப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், யாரும் முன்மொழிந்திருக்க மாட்டார்கள், அவர்களும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், துறைத் தலைவர் மாறிக்கொண்டே இருப்பார்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. எந்த விருதுக்கு யார் முன்மொழியலாம் என்பது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. நோபலுக்குத் தன்னைத்தானே முன்மொழிய முடியாது. பத்ம விருதுகளுக்குத் தன் பெயரைத் தானே அனுப்பலாம், பக்கத்து வீட்டுக்காரரும் அனுப்பலாம். சில விருதுகளுக்கு நிறுவனத் தலைவர் கையெழுத்து இல்லாமல் படிவமே செல்லாது, அவர் அந்த வாரம் டெல்லியில் இருப்பார். போன வருடப் படிவத்தையே எடுத்து நிரப்புவது தனி ஆபத்து. விதிகளும் பெயர்களும் மாறும். இந்திய விஞ்ஞானிகளுக்கு 1958 முதல் வழங்கப்பட்டுவந்த பட்நாகர் பரிசே இப்போது பழைய உருவத்தில் இல்லை. 2024-இல் முதல்முறையாக வழங்கப்பட்ட மத்திய அரசின் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காருக்குள் 'விஞ்ஞான் யுவா' என்ற பிரிவாக அது போய்விட்டது. வயது வரம்பு மட்டும் அதே 45. சரி, இந்த 45 எத்தனை பேரைக் காவு வாங்கியிருக்கிறது தெரியுமா? "இந்த வருஷம் வேண்டாம், இன்னும் ஒரு நல்ல பேப்பர் வரட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒரு நாள் பிறந்த தேதியைப் பார்த்தால் வண்டி போயிருக்கும்.

தள்ளிப்போடுவதில் வயதை விடக் கொடுமையானது ஒன்று இருக்கிறது. ஈர்ப்பலையைக் கண்டுபிடித்த லைகோ திட்டத்தின் மூன்று முன்னோடிகளில் ஒருவர் ரொனால்ட் டிரெவர். 2017 மார்ச்சில் காலமானார். அதே வருடம் அக்டோபரில் நோபல் அறிவித்தார்கள். இறந்தவருக்குத் தருவதில்லை என்பது விதி, அதனால் பட்டியலில் அவர் இல்லை. அது நோபல் கமிட்டியின் கணக்கு, நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு ஒரு வாழ்நாள் சாதனையாளர் விருதை அவர் கண்ணாடி போட்டுப் படிக்கும் நிலையில் இருக்கும்போதே தருவது நம் கையில்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறு, ஒருமுறை அனுப்பிக் கிடைக்கவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவது. ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் 84 முறை நோபலுக்கு முன்மொழியப்பட்டவர். கடைசி வரை கிடைக்கவில்லை. அவரிடம் படித்த ஹைசன்பர்க், பௌலி, பெத்தே எல்லோரும் வாங்கினார்கள். அவருக்கே அந்த கதி என்றால், நம் ஆளுக்கு முதல் முறை வரவில்லை என்று கோபித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது.

அப்புறம் முன்மொழிவுக் கடிதம். இங்கே நாம் செய்வது ஒரே வேலை: முப்பது பக்க பயோடேட்டாவை அப்படியே இணைத்துவிடுவது. எத்தனை கட்டுரை, எத்தனை பிஎச்.டி., எத்தனை கருத்தரங்கு, எத்தனை கமிட்டியில் உறுப்பினர். இதைப் படிக்கும் நடுவருக்கு முன்னால் இதே மாதிரி நிறைய கட்டுகள் கிடக்கும். சி.வி. ராமனுக்கு 1930-இல் நோபல் கொடுத்தபோது காரணம் ஒரே வாக்கியம்: ஒளிச்சிதறல் பற்றிய பணிக்காகவும், அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்ததற்காகவும். உங்கள் பேராசிரியரைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் கடிதம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம், அல்லது அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்கே புரியவில்லை. அவரிடமே போய் உட்கார்ந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெண் பேராசிரியர்களுக்கு எழுதும் கடிதங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். "அமைதியானவர், கடின உழைப்பாளி, மாணவர்களிடம் தாயைப் போல் பரிவு காட்டுபவர்." நானே இப்படி ஒன்று எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் அவரே படித்துவிட்டு, "சார், என் மெல்லிய படல வேலையைப் பத்தி நாலாவது பத்தியில்தான் வருது, தாய்மை முதல் பத்தியிலேயே வந்துடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் வைக்க இடமில்லை.

ஊழியர்கள் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் நாம் மிக மோசம். விருது என்றாலே பேராசிரியர் என்று மனதில் பதிந்துவிட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1908 ஜூலை 10-ஆம் தேதி காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார் என்று எல்லோரும் பாடம் எடுக்கிறோம். அந்தக் கருவியைக் கட்டி ஓட்டியவர் கெரிட் யான் ஃபிலிம் என்ற தொழில்நுட்பர், கண்ணாடி வேலை ஆஸ்கார் கெசல்ரிங் கை. 1911-இல் அதே ஆய்வகத்தில், கடுங்குளிரில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போனதை அளந்து பார்த்தவர் கில்லெஸ் ஹோல்ஸ்ட். கட்டுரையில் பெயர் ஓனஸ் ஒருவருக்குத்தான். ஆனால் ஓனஸ் ஒன்று செய்தார்: கருவி செய்பவர்களுக்கென்றே 1901-இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நீல அங்கி போட்டு வேலை செய்ததால் அந்தப் பையன்களுக்கு 'நீலப் பையன்கள்' என்றே பெயர். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

எங்கள் துறையில் கண்ணாடி ஊதும் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். பர்னர் முன்னால் உட்கார்ந்து பைரக்ஸ் குழாயை உருட்டிக்கொண்டே பேசுவார், பேச்சு நிற்காது, கையும் நிற்காது. அவர் ஒட்டிக் கொடுத்த வேக்குவம் லைனில் கசிவு தேடும் வேலை யாருக்கும் இருந்ததில்லை. ஓய்வு பெறும் நாளில் பொன்னாடை, சந்தன மாலை, ஒரு ஷீல்டு. பேச வந்தவர்கள் எல்லோரும் அவர் நல்லவர், லீவே போட மாட்டார் என்றார்கள். அவர் என்ன செய்து கொடுத்தார் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எந்த ஆய்வேட்டில் எந்தக் கருவி அவருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இப்போது சிறந்த ஊழியர் விருது என்று ஒன்றைத் தொடங்கி, அதையும் சர்வீஸ் வரிசைப்படி வருடத்துக்கு ஒருவராகக் கொடுத்துக்கொண்டு வருகிறோம், ரேஷன் மாதிரி. வரிசைப்படி கொடுத்தால் அது விருது இல்லை, முறை. பட்டறை, அலுவலகம், ஆய்வகம் என்று யார் பெயரை முன்வைத்தாலும், என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதித்தான் முன்வைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டாலே பாதி சரியாகிவிடும். அந்த இரண்டு வரியை எழுத மாணவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி, விருதே இல்லாததை விருது என்று அறிவிப்பது. வருடா வருடம் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' என்று ஃபிளெக்ஸ் ஏறும், "ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் வழங்கிய அங்கீகாரம்" என்று கீழே ஒரு வரி. ஸ்டான்போர்டு யாருக்கும் எதுவும் வழங்கவில்லை. அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் மேற்கோள் தரவை வைத்துக் கணக்குப் போட்டு வெளியிடும் பட்டியல் அது. யாரும் முன்மொழிவதில்லை, நடுவர் யாரும் கட்டுரையைப் படித்துப் பார்ப்பதில்லை. அதிலும் வாழ்நாள் முழுவதற்குமான பட்டியல் வேறு, அந்த ஒரு வருடத்துக்கான பட்டியல் வேறு, எதில் பெயர் வந்தது என்று சொல்லாமலே கொண்டாடுகிறார்கள். பெயர் வந்தது சந்தோஷம்தான், "மேற்கோள் பட்டியலில் இடம்" என்று போடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பணம் கட்டினால் வரும் "பெஸ்ட் ரிசர்ச்சர்" விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் கேட்டால் அது விருது இல்லை, பில். மின்னஞ்சலை அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கூட்டு விருதில் வரும் தவறு நுட்பமானது, நல்ல ஆட்கள்கூட இதில் விழுகிறார்கள். 2016-இல் லைகோவுக்கு 30 லட்சம் டாலர் சிறப்பு பிரேக்த்ரூ பரிசு வந்தது. 10 லட்சம் மூன்று முன்னோடிகளுக்கு, மீதி 20 லட்சம் 1,012 பேருக்குச் சமமாக. தலைக்கு இரண்டாயிரம் டாலர்கூட முழுசாக இல்லை. 2025-இல் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் நான்கு பெரிய சோதனைகளுக்கு பிரேக்த்ரூ பரிசு வந்தபோது பட்டியலில் 13,508 பேர். இந்த ஆயிரங்களில் நம் முன்னாள் மாணவர் ஒருவர் இருந்தால் அது உண்மையான பெருமை, மறைக்க வேண்டாம். ஆனால் "பிரேக்த்ரூ பரிசு வென்ற எங்கள் மாணவர்" என்று தனியாக ஒரு படத்தைப் போட்டு மாட்டினால், அந்தக் குழுவிலேயே இருக்கும் ஒருவர் பார்த்துச் சிரிப்பார். "பரிசு பெற்ற குழுவில் ஒருவர்" என்ற சொற்கள் எங்கே போயின?

பெயர் ஒன்றாக இருந்தால் விருதும் ஒன்றுதான் என்று நினைப்பதும் நடக்கிறது. இயற்பியலாளர் பால் டிராக் பெயரில் உள்ள டிராக் பதக்கம் என்றால் எந்த டிராக் பதக்கம்? இத்தாலியின் திரியெஸ்தேவில் உள்ள கோட்பாட்டு இயற்பியல் மையம் ஒன்று தருகிறது, பிரிட்டனின் இயற்பியல் கழகம் இன்னொன்று தருகிறது, ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் தருவது வேறு. திரியெஸ்தே பதக்கம் ஏற்கெனவே நோபல் வாங்கியவர்களுக்குக் கிடையாது. வழங்கும் அமைப்பின் பெயரைப் போடாமல் பதக்கத்தின் பெயரை மட்டும் போட்டால் பாதிச் செய்திதான்.

தமிழில் எழுதும்போது இதை விடப் பெரிய வில்லங்கம் 'ஃபெல்லோ' என்ற சொல். அமெரிக்க இயற்பியல் சங்கத்தில் சந்தா கட்டும் இயற்பியலாளர் உறுப்பினர் ஆகலாம். ஃபெல்லோவாக ஆண்டுக்கு உறுப்பினர்களில் அரை சதவீதத்துக்கு மேல் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நாம் இரண்டையும் "உறுப்பினர்" என்றே எழுதிவிடுகிறோம், கௌரவம் காணாமல் போகிறது. இன்னொரு பக்கம் போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோ என்பது சம்பளத்துக்குச் செய்யும் தற்காலிக வேலை, அதைக் கௌரவப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

பத்ம விருது வந்தால் அடுத்த நாளே அழைப்பிதழில் "பத்மஸ்ரீ டாக்டர்" என்று பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுவோம். கூடாது. இந்த விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக்கூடாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று கீழே ஒரு வரி போடலாம். வருடத்தையும் பார்த்துப் போடுங்கள்: ஐன்ஸ்டைனின் நோபல் 1921-க்கானது, கொடுத்தது 1922-இல், அதுவும் ஒளிமின் விளைவுக்கு, சார்பியலுக்கு இல்லை. விருதின் வருடம் ஒன்று, அறிவித்த வருடம் ஒன்று, கையில் வாங்கிய வருடம் ஒன்று என்று மூன்று இருக்கலாம்.

முன்னாள் மாணவர் பட்டியல்தான் கடைசி, அங்கே இனிஷியல்தான் எதிரி. எஸ். சந்திரசேகர் என்று எழுதினால் யார்? சென்னை பிரசிடென்சியில் படித்து, சிகாகோவில் இருந்து 1983-இல் நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர் ஒருவர். மைசூர் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்து, பின்பு பெங்களூரில் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். இருவருமே ராமனுக்கு உறவு, ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இருவரும் லண்டனில் உள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, இருவரும் அதன் ராயல் பதக்கம் வாங்கியவர்கள். போதாததற்கு, முதலாமவருக்கு நோபல் வந்த அதே 1983-இல்தான் இரண்டாமவர் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். ஒருவர் படத்துக்குக் கீழே மற்றவர் குறிப்பைப் போட்டால் சட்டென்று கண்டுபிடிக்கக்கூட முடியாது.

எங்கள் கதை அவ்வளவு பெரியதல்ல. வெளிநாட்டில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவி ஒருவருக்கு ஒரு விருது வந்தது, துறை வாசலில் உள்ள மரப் பலகையில் பெயரை எழுதச் சொன்னோம். விருதுப் பட்டியலில் கணவர் பெயரோடு இருந்தது, அதை இனிஷியலாக்கினோம். பழைய ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு அப்பா பேரு வேறல்ல?" என்றார், அழித்து மாற்றினோம். அப்புறம்தான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. இனிஷியலே வேண்டாம், கட்டுரைகளில் அம்மா பெயரோடுதான் போடுகிறேன் என்று பதில் வந்தது. மூன்றாவது முறையாக ஏணியைச் சாய்த்துவிட்டு பெயிண்டர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது அவங்களே சொன்னதுதானே சார்?"