உப்புக் காற்றில் நிற்கும் காருக்கு எந்த சீலண்ட்?

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுதபூஜை. காரைக் கழுவி, பானெட்டில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் நசுக்கி ஒரு சுற்று போய்வந்தோம். மறுநாள் துடைக்க மறந்துவிட்டேன். நாலாம் நாள் துடைத்தால் சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. வெள்ளை டிசையரில் மூன்று ரோஸ் வட்டங்கள். ஷாம்பு போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. பக்கத்துத் தெரு டிங்கரிங் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பானெட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "பெயின்ட் மேல ஒண்ணுமே இல்லயே தம்பி, வெறும் உடம்போட வெயில்ல நிக்குது" என்றார்.

எனக்கு ரோஷமாக இருந்தது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் காசு கொடுத்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நான். அப்புறம்தான் தெரிந்தது, அந்த பாலிஷ்தான் பாதி வினை.

காரின் பெயின்ட் என்று நாம் பார்ப்பது அடுக்கடுக்கானது. தகரத்தின்மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து 100 மைக்ரான் சொச்சம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியே ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். பாலிஷ் என்பது நுண்ணிய உராய்வுத் துகள் கலந்த பசை. கீறலை மறைக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சுரண்டி மட்டமாக்குகிறது. பளபளப்பு வருவது அதனால்தான். ஆழக் கீறலுக்குப் போடுகிற ரப்பிங் கம்பவுண்ட் என்ற பசை இன்னும் முரடு. வருஷத்துக்கு மூன்று தடவை இப்படிச் சுரண்டிவிட்டு மேலே எதுவும் பூசாமல் விட்டால், அண்ணாச்சி சொன்ன அந்த வெறும் உடம்புதான் மிச்சம்.

சீலண்ட் வேறு வேலை செய்கிறது. அது எதையும் சுரண்டாது. கிளியர் கோட்டின்மேல் மெல்லிய செயற்கை பாலிமர் படலமாக ஒட்டிக்கொள்ளும். வெயில், காக்கா எச்சம், உப்பு, குங்குமம் எல்லாம் முதலில் அந்தப் படலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். படலம் தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். கிளியர் கோட்டை அப்படிப் பூச முடியாது.

கடைக்குப் போனால் குழப்பம் பெயரில்தான் தொடங்குகிறது. பாலிஷ், வேக்ஸ், கிளேஸ், சீலண்ட், கோட்டிங் என்று எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். பெயரை நம்பாதீர்கள். மெகுயர்ஸ் கம்பெனியின் அல்டிமேட் வேக்ஸ் பெயரில்தான் வேக்ஸ். உள்ளே இருப்பது செயற்கை பாலிமர், அதாவது சீலண்ட் ஜாதி. இன்னொரு பக்கம், "கிளீனர் வேக்ஸ்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் உராய்வுப் பொருளோ அழுக்கு கரைக்கும் ரசாயனமோ கலந்திருக்கும். பழைய, மங்கிய காருக்கு ஒரு தடவை போடலாம். புதுக் காருக்கு மாதாமாதம் போடக்கூடாது. பாட்டிலைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

அசல் வேக்ஸ் என்றால் கார்னவுபா. பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. பனை மரத்துக்கு நடுவில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்து, முதலில் அதைத்தான் வாங்கினேன். பூசின அன்றைக்கு வெண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. அந்த அழகு எந்த சீலண்ட்டிலும் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பங்குனிக் கடைசியில் பூசினது சித்திரை முடிவதற்குள் போய்விட்டது. கார்னவுபா உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், வெள்ளைக் காரின் பானெட் அவ்வளவு சூடாகாது. ஆனால் டப்பாவில் இருப்பது வெறும் கார்னவுபா இல்லை. எண்ணெய், வேறு மெழுகுகள், கரைப்பான் எல்லாம் சேர்ந்த கலவை. வெயிலும் ஷாம்புவும் சேர்ந்து அதைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன. ஷெட்டில் நிற்கிற, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு அது சரி.

என் கார் அப்படி இல்லை. தூத்துக்குடியில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், தெருவோரம் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கிறது. காற்றில் உப்பு. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் புழுதி. ஆனி, ஆடியில் வேப்பம்பழம், அதைத் தின்ன வரும் பறவைகள், அவை விட்டுப்போவது. கழுவுவதற்கு போர் தண்ணீர், அதுவும் உப்பு. நீங்களும் சீலண்ட் வாங்கும்முன் இந்த மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் குளிக்கிறது, உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை அதற்காக விட முடியுமா. பாட்டிலின் விலையும் பளபளப்பும் அதற்கு அப்புறம்தான்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். எல்லா விளம்பரத்திலும் பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். தாமரை இலை மாதிரி. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த முத்துகளை அப்படியே வெயிலில் காயவிட்டால், ஒவ்வொரு முத்தும் தன்னிடம் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளை ஒரே புள்ளியில் குவித்துவிட்டு ஆவியாகும். வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். நாள்பட்டால் அது படலத்தைத் தாண்டி கிளியர் கோட்டையே அரிக்கும். அதனால் போர் தண்ணீர்க்காரர்களுக்கு முத்து முத்தாக நிறுத்துகிற சீலண்ட்டைவிட, தண்ணீரைத் தகடு மாதிரி மொத்தமாக வழியவிடுகிற சீலண்ட் நல்லது. சில பாட்டில்களில் "ஷீட்டிங்" என்று போட்டிருக்கும், அதைத் தேடுங்கள். எது வாங்கினாலும் கழுவின கையோடு துடைத்துவிட வேண்டும். நான் கடைசி அலசலுக்கு மட்டும் ஏசி தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வருகிற தண்ணீர் என்பதால் அதில் உப்பு அநேகமாகக் கிடையாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் ஒரு பக்கெட் தேறும். ஆனால் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைக் காருக்கு ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டின உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. என் மச்சான் ஒரு வருஷம் அதில்தான் கழுவிக்கொண்டிருந்தான், சிக்கனமாம்.

அதே மச்சான்தான் புதுக் கார் எடுத்தபோது ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போட்டுக்கொண்டு வந்தான். டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க அடுப்பு மாதிரிச் சூட்டில் சுட வேண்டும். கார் பெயின்ட்டை யாரும் அப்படிச் சுட மாட்டார்கள். ஆகவே அந்தப் பெயரில் காருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண வேக்ஸோ சீலண்ட்டோதான். கெடுதல் இல்லை. கொடுத்த காசில் நாமே நாலு வருஷத்துக்குப் பூசியிருக்கலாம், அவ்வளவுதான்.

செராமிக் கோட்டிங் அப்படி ஏமாற்று இல்லை. சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற பொருள், சார்ந்த பூச்சு, காய்ந்ததும் நிஜமாகவே கெட்டியாக ஒட்டும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் "9எச் கடினம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வைரம் ரேஞ்சுக்குக் கற்பனை செய்யாதீர்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் கோடு போட்டால் செராமிக்கிலும் விழும், கல் தெறித்தால் அதுவும் பெயர்ந்து வரும். உப்புத் தண்ணீர்த் தடம் அதன்மேலும் படியும். பூசுவதற்கு முன்னால் மெஷின் பாலிஷ் போட்டாக வேண்டும், ஏனென்றால் அடியில் இருக்கிற கீறலையும் சேர்த்துத்தான் அது மூடும். "அஞ்சு வருஷம் கேரண்டி" என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே காசு கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். புதுக் கார், கறுப்போ கருநீலமோ, ஏழெட்டு வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் யோசிக்கலாம். என்னுடையது மாதிரி நடுவயது வெள்ளைக் காருக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

மிச்சம் இருப்பது இரண்டு. துணியில் தடவிப் பூசுகிற லிக்விட் சீலண்ட். ஈரக் காரின்மேல் அடித்துத் துடைக்கிற ஸ்ப்ரே சீலண்ட். இப்போது ஸ்ப்ரேயிலும் சிலிக்கா கலந்து "செராமிக்" என்று விற்கிறார்கள். டர்டில் வேக்ஸ், சோனாக்ஸ் கம்பெனிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஸ்ப்ரே பத்து நிமிஷ வேலை. என் காரில் இரண்டு மாதம் போல நின்றது. லிக்விட் அரை நாள் வேலை, நாலு மாதம் நின்றது. இது வேப்பமரத்தடிக் கணக்கு; ஷெட் இருக்கிறவர்களுக்குக் கூடும். நான் கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டேன். அடியில் லிக்விட், நடுவில் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை கழுவும்போது ஸ்ப்ரே. 473 மில்லி லிக்விட் பாட்டில் ஒன்று வாங்கினால் டிசையர் அளவு காருக்கு ஒரு பூச்சுக்கு 30 மில்லி போதும். வருஷங்கள் வரும். அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் தயங்க வேண்டாம், சின்னப் பாட்டிலாக இருந்தால் போதும். டிக்கியில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

பூசும் விதம். காலை ஆறு மணிக்கு, நிழலில். புறங்கையை பானெட்டில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். முதலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் வழவழப்பாகத் தெரிகிற இடம் பைக்குள் மணல்தாள் மாதிரி நறநறக்கும். லாரி, ரயில் பக்கம் நிற்கிற வெள்ளைக் கார்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் இருந்தால் அது பிரேக்கிலிருந்து பறந்துவந்து பதிந்த இரும்புத் துகள். அதற்கென்று அயர்ன் ரிமூவர் இருக்கிறது. அடித்தால் புள்ளிகள் ஊதாவாக மாறி வழியும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். காயவிடாமல் அலசுங்கள். அதற்கும் போகாத நறநறப்புக்கு கிளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டியால் தடவி எடுக்க வேண்டும், ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல். கீழே விழுந்த கிளேயை மறுபடி எடுக்கக்கூடாது. அதில் ஒட்டின மணல் கார் முழுக்கக் கோடு போடும். (நான் எடுத்தேன். பின் கதவில் இருக்கிறது.)

அப்புறம் பிசுக்கு கரைக்கிற ஐசோபுரோபில் ஆல்கஹால் என்ற திரவமும் சுத்தமான தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு துடைப்பு. பழைய எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் சீலண்ட் நேராகப் பெயின்ட்டைப் பிடிக்கும். பலர் இதை விட்டுவிட்டு "ஒரு மாசத்துல போயிடுச்சு" என்று பாட்டிலைத் திட்டுகிறார்கள்.

பூசுவது மெல்லிசாக. பஞ்சில் நாலு சொட்டு, ஒரு கதவு. தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு கிடையாது, துடைக்கத் தோள்தான் வலிக்கும். லேசாக மூடுபனி படிந்த மாதிரி ஆனதும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுவிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையாகக் கறை பிடிக்கும். துடைக்க மைக்ரோஃபைபர் துணி மட்டும். பழைய பனியன் வேண்டாம். பெரும்பாலான லிக்விட்களுக்கு 12 மணி நேரமாவது தண்ணீர் படக்கூடாது. லேபிளில் இருக்கும்.

சீலண்ட் இருக்கிறது என்று காக்கா எச்சத்தை விட்டுவைக்காதீர்கள். வெயிலில் பெயின்ட் இளகி, சாயங்காலம் குளிரும்போது எச்சத்தின் வடிவத்திலேயே இறுகிக்கொள்ளும். ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம். சீலண்ட் உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. கல் தெறித்து தகரம் தெரிகிற இடத்திலும் அதற்கு வேலை இல்லை. கடலோரக் கார்களில் துரு ஆரம்பிப்பது அங்கேயும் அடிப்பக்கத்திலும்தான். டச்சப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

எங்கள் ஊரில் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆயுதபூஜை அதற்குச் சற்று முன்னால் வந்துவிடுவது வசதி. முந்தின ஞாயிறு ஒரு பூச்சு, மாசியில் ஒன்று, வேப்பம்பழ சீசனுக்கு முன்னால் ஒன்று. தேதி மறந்துபோகும் என்று பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவைத்திருக்கிறேன். போன வருஷமும் வீட்டம்மா மூன்று பொட்டு வைத்தாள், அதே கடைக் குங்குமம். மறுநாள் காலை ஈரத் துணியால் ஒரு இழுப்பு, வந்துவிட்டது. நம்பர் பிளேட்டில் வைத்ததுதான் இன்னும் ரோஸாக இருக்கிறது, அங்கே சீலண்ட் பூச எனக்குத் தோன்றவில்லை.