கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் கார்னியா வீங்கினா என்ன பண்றது

ஆபரேஷன் முடிஞ்சு சில நாள் லேசா மங்கலா இருந்தா பதறாதீங்க, கார்னியா (கண்ணோட முன்பக்கம் இருக்கிற கண்ணாடி மாதிரி படலம்) வீக்கம் பெரும்பாலும் சொட்டு மருந்துலயே வடிஞ்சிடும். ஆனா வாரக்கணக்கா காலைல எந்திரிச்சதும் ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி தெரிஞ்சு, நேரம் போகப் போக தெளிஞ்சா அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, உள்பக்க எண்டோதீலியம் செல்லுங்க தண்ணிய வெளிய தள்ள முடியாம தவிக்கலாம், அந்த செல் போனா திரும்ப முளைக்காது.

முதல்ல 5% உப்பு சொட்டு. கேக்கலன்னா டிமெக், டிசெக்னு ஆபரேஷன், உள்லேயர மட்டும் உரிச்சிட்டு தானமா வந்த லேயர வைப்பாங்க. டிமெக் லேயர் 10-15 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), வெங்காயச் சருகே அதவிட தடிமன்!

அத தையல் போட்டு ஒட்டறதில்ல, காத்துக் குமிழிதான் கீழருந்து தாங்குது, அதனால டாக்டர் சொன்ன நேரம் பூரா மல்லாக்க படுக்கணும் (போரடிக்கும், வேற வழியில்ல), கண்ண கசக்கவே கூடாது, குமிழி கரையற வரைக்கும் பிளைட் ஏறாதீங்க. ஸ்டீராய்டு சொட்ட நீங்களா நிறுத்தாதீங்க. மாசங்கள் கழிச்சு கண்ணு சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை குறைஞ்சாலோ அன்னிக்கே போய் காட்டுங்க.