நாலு டிகிரி தண்ணீர்: எங்கே சறுக்குகிறோம்?

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் (துல்லியமாக 3.98) மிக அடர்த்தியாக இருக்கும். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அதை வைத்து எதையாவது விளக்கப் போகும்போதுதான் தகராறு.

ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் விரிசல் விட்டால், "4 டிகிரிக்குக் கீழே தண்ணீர் விரிவதால்" என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 4 டிகிரியிலிருந்து 0 வரை குளிர வைத்தால் கூடுவது சுமார் 0.13 மில்லிலிட்டர், இரண்டு மூன்று சொட்டு. அதே தண்ணீர் உறைந்து கட்டியானால் கூடுவது 90 மில்லிலிட்டர். பாட்டிலை உடைப்பது இரண்டாவது.

ஆனால் அந்த மூன்று சொட்டை லேசாக நினைக்க வேண்டாம். குளிர்நாட்டு ஏரியில் மேல்நீர் குளிரக் குளிரக் கனத்துக் கீழே இறங்கும். ஏரி முழுக்க 4 டிகிரிக்கு வந்தபின், அதைவிடக் குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கிவிடும். அப்புறம் அந்த மேலடுக்கு மட்டும் 0 டிகிரியைத் தொட்டால் போதும், பனி பிடித்துவிடும். இந்தக் குணம் இல்லாவிட்டால் ஏரி அடியிலிருந்து உறையும் என்பார்கள், அதுவும் தவறுதான். பனிக்கட்டி அப்போதும் மிதக்கும். ஏரி மொத்தமும் 0 டிகிரிக்குக் குளிரும் வரை உறைவது தள்ளிப்போகும், அவ்வளவே.

"அடியில் எப்போதும் 4 டிகிரி" என்பதும் சரியல்ல. பலமான காற்று கலக்கிவிட்டால் ஏரி முழுவதுமே 4-க்குக் கீழே போகலாம். ஆழத்தின் அழுத்தமும், நீர் மிக அடர்த்தியாகும் வெப்பநிலையைக் குறைக்கிறது, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி. ரஷ்யாவின் பைக்கால் ஏரியின் ஆழ்நீர் 4 டிகிரிக்குக் கீழேதான் இருக்கிறது. கடலுக்கு இந்தக் கதையே பொருந்தாது: கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள நீர், உறையும் வரை கனத்துக்கொண்டே போகும்.

கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை நிரப்பி இதைச் சோதிப்பவர்கள் மறப்பது பாத்திரத்தை. குளிரில் கண்ணாடியும் சுருங்குவதால், மெல்லிய குழாயில் நீர்மட்டம் மிகத் தாழ்வாகத் தெரிவது 4-இல் அல்ல, ஐந்தரை டிகிரியையும் தாண்டி. எடின்பரோவின் வேதியியலாளர் தாமஸ் சார்லஸ் ஹோப் 1805-இல் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தவிர்த்தார். கன அளவை அளக்கவே இல்லை. உயரமான ஜாடியில் மேலும் கீழும் வெப்பமானி வைத்து, எந்த நீர் எங்கே போகிறது என்று பார்த்தார். வீட்டிலும் செய்யலாம். உயரமான டம்ளரில் துணி சுற்றி, பனிக்கட்டிகளை மிதக்கவிட்டு, அடியில் வெப்பநிலை பாருங்கள், 4 டிகிரி பக்கம் காட்டும். ஸ்பூன் மட்டும் போடாதீர்கள். ஒரு கலக்கு கலக்கினால் எல்லாம் 0 டிகிரி பக்கம் வந்துவிடும்.