உயிரியலில் துறையிடை பிஎச்.டி.: வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. இயற்பியல், கணிதம், பி.இ. என்று படித்துவிட்டு உயிரியல் பக்கம் வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பன்னிரண்டாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டேன், இனிமேல் முடியுமா?" முடியும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் பிஎச்.டி. வாங்கியது இயற்பியலில். அப்புறம் கலிபோர்னியாவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல்.

படி 1: கேள்வியைப் பிடியுங்கள்

"பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியில் அலசுவது) செய்யப் போகிறேன்" என்று தொடங்காதீர்கள். அது கருவியின் பெயர். உங்களுக்கு வேண்டியது ஒரு கேள்வி. உதாரணத்துக்கு டெங்கு. "டெங்கு ஏன் பரவுகிறது?" என்பது மிகப் பெரிய கேள்வி, அதில் ஒரு ஆய்வேடு எழுத முடியாது. கொஞ்சம் உள்ளே போவோம். நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகிறது. வெப்பம் கூடினால் இந்த நாள் குறையும். ஆனால் வெப்பம் மிகவும் கூடினால் கொசுவின் ஆயுளும் குறையும். அப்படியென்றால் எந்த வெப்பநிலையில் பரவல் உச்சத்துக்குப் போகும்?

இப்போது பாருங்கள், கொசு வளர்க்கத் தெரிந்தவர் தேவை, சமன்பாடு எழுதத் தெரிந்தவர் தேவை, வானிலைத் தரவைக் கையாளத் தெரிந்தவர் தேவை. கேள்வியே மூன்று துறையைக் கூப்பிடுகிறது. இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால்தான் துறையிடை ஆய்வுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஒரே துறையில் செய்வதே நல்லது.

படி 2: ஒரு காலை ஊன்றுங்கள்

ஏற்கெனவே தெரிந்த துறையை விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் பலம். புதிய துறையில் அந்த ஆட்களோடு உட்கார்ந்து பேசும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். இயற்பியலாளர் என்றால் செல் உயிரியலும் மரபியலும். உயிரியல் மாணவர் என்றால் புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும். ஐ.ஐ.டி.கள் போன்றவை நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தின் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

படி 3: இரண்டு மாதம் உள்ளே போய்ப் பாருங்கள்

இந்திய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். நாள் முழுக்கப் பைப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் குழாய்) பிடிப்பது உங்களுக்கு ஒத்துவருமா என்பது லேபில் நின்றால்தான் தெரியும்.

படி 4: தேர்வு

டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் ஜே.ஜி.இ.இ.பி.ஐ.எல்.எஸ். தேர்வின் பெயரிலேயே துறையிடை உயிர் அறிவியல் இருக்கிறது. பெங்களூரின் என்.சி.பி.எஸ். (தேசிய உயிர் அறிவியல் மையம்) போன்ற இடங்களுக்கு இது ஒரு வாசல். இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாம் கலந்து வரும். மனப்பாடத்தை விட யோசிக்கும் திறனைத்தான் பார்ப்பார்கள். அதனால் வேறு துறைக்காரர்களுக்கு இதையே முதலில் சொல்வேன்.

அடுத்தது ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதன் உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண்ணுக்கு. அதில் 100 மதிப்பெண் சி பகுதியில் இருக்கிறது, 75 கேள்வியில் 25-க்கு விடை எழுதினால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால் தெரிந்ததை மட்டும் தொடுங்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தொகை. உதவித்தொகையை நீங்களே கொண்டுபோனால் கைடை, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குச் சுதந்திரம் கூடும்.

படி 5: கைடு

இந்தப் படியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். எனக்குத் துறைக்கு ஒருவராக இரண்டு கைடு, இருவருமே அக்கறையானவர்கள். ஒருவர் "இன்னும் இரண்டு சோதனை செய்" என்பார், மற்றவர் "தரவு போதும், மாடலை முடி" என்பார். நான் இருவரையும் தனித்தனியே பார்த்து இருவருக்கும் தலையாட்டினேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று. கடைசியில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது.

அதனால் உங்களுக்கும் இரண்டு கைடு என்றால் சேரும் முன்பே கேளுங்கள். மாதம் ஒருமுறை மூவரும் சேர்ந்து உட்கார முடியுமா? எனக்கு எந்த லேபில் இடம்? ரசாயனச் செலவு யாருடைய திட்டத்திலிருந்து? கட்டுரையில் பெயர் வரிசை எப்படி? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல கைடு இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அந்த லேப் மாணவர்களையும் தனியே பார்த்து, முன்பு படித்தவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆனது என்று கேளுங்கள். முதல் ஆண்டில் சில லேப்களில் மாறி மாறி வேலை பார்க்க விடும் நிறுவனம் என்றால் அந்த வாய்ப்பை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

படி 6: சேர்ந்த பிறகு

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை சலுகை உண்டு. வகுப்பில் படிக்க வேண்டிய பாடங்களுக்கு (கோர்ஸ்வொர்க்) மொத்தம் குறைந்தது 12 கிரெடிட். அதில் உங்களுக்குத் தெரியாத துறையின் பாடத்தையே எடுங்கள். தெரிந்ததை எடுத்தால் மதிப்பெண் எளிதாக வரும், ஆனால் மூன்றாம் ஆண்டில் கஷ்டப்படுவீர்கள். ஆய்வு ஆலோசனைக் குழு அமைக்கும்போது இரண்டு துறையிலிருந்தும் ஆள் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குழுக் கூட்டமும் முடிந்ததும், என்ன முடிவானது என்று ஒரு பக்கம் எழுதி அன்றைக்கே இரண்டு கைடுக்கும் மெயில் அனுப்பிவிடுங்கள்.