ஜெனரிக் கன்ஸ்ட்ரெயின்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி ப்ராஜெக்ட் என்று கொண்டுவருவது பெரும்பாலும் மீன் ஏலக் கணக்குதான். வீட்டில் படகு இருக்கும். இல்லையென்றால் சித்தப்பா ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுபவராக இருப்பார். அதனால் இங்கேயும் உதாரணம் மீன்பாடுதான். ஜெனரிக் என்றால் டைப்பின் இடத்தில் டி என்று ஒரு பெயரை வைத்துப் பொதுவாக எழுதுவது. அந்த டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் கன்ஸ்ட்ரெயின்ட். மொழி சி ஷார்ப். ஜாவா வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

'எடையுள்ளது' என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு டைப்பிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம். அதில் 'எடை' என்று ஒரே ஒரு ப்ராப்பர்ட்டி. மீன், நண்டு, கணவாய் என்ற மூன்று கிளாஸும் அதை இம்ப்ளிமென்ட் செய்கின்றன. இறக்கிய சரக்கின் எடையைக் கூட்ட ஒரு மெத்தட்:

மொத்தஎடை(லிஸ்ட்<எடையுள்ளது> சரக்கு)

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது லிஸ்ட்<நண்டு>. அதைக் கொடுத்தால் கம்பைலர் வாங்காது. "அண்ணே, நண்டுக்கும் எடை இருக்குல்ல? அப்புறம் ஏன் எரர் காட்டுது?" என்றார் தொண்டித் தம்பி ஒருவர். அவர் கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு நண்டையும் எடையுள்ளது என்ற டைப்பாக மாற்றி (காஸ்ட் செய்து) புது லிஸ்ட் ஒன்றில் போடுவது. ஓடத்தான் செய்யும். ஆனால் வெறும் கூட்டலுக்கு லிஸ்ட் முழுவதையும் ஒருமுறை நகல் எடுப்பது வீண் வேலை.

கம்பைலர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. லிஸ்டில் படிக்கலாம், சேர்க்கவும் செய்யலாம். லிஸ்ட்<நண்டு> என்பதை லிஸ்ட்<எடையுள்ளது> ஆக அனுமதித்துவிட்டால், மெத்தடுக்கு உள்ளே யாராவது ஒரு சீலா மீனைச் சேர்க்கலாம். சீலாவுக்கும் எடை உண்டு, அதனால் தடுக்க வழியில்லை. வெளியே வந்து பார்த்தால் நண்டு லிஸ்டில் சீலா கிடக்கும். அர்ரேயில் இந்த ஓட்டை இன்றைக்கும் இருக்கிறது. நண்டு அர்ரேயை எடையுள்ளது அர்ரே என்று கொடுத்தால் கம்பைலர் பேசாமல் விட்டுவிடும். அதில் கணவாயைப் போடும் நொடியில் புரோகிராம் எக்ஸெப்ஷன் வீசும். ஜாவா அர்ரேயும் இதே ரகம்தான்.

சரி, மெத்தட் செய்வது படிப்பது மட்டும்தானே? அப்படியென்றால் லிஸ்டே கேட்க வேண்டாம். ஒவ்வொன்றாகப் படிக்க மட்டும் விடும் இன்டர்ஃபேஸான ஐஎன்யூமரபிள்<எடையுள்ளது> போதும். 2010இல் வந்த சி ஷார்ப் 4 முதல் அந்த இன்டர்ஃபேஸின் டைப் பாராமீட்டருக்கு முன்னால் 'அவுட்' என்ற குறி உண்டு. இதிலிருந்து பொருள் வெளியே மட்டும்தான் வரும், உள்ளே போகாது என்று கம்பைலருக்குத் தெரிவதால், லிஸ்ட்<நண்டு> தடையில்லாமல் உள்ளே வரும். எண்ணிக்கையும் இன்டெக்ஸும் வேண்டுமானால் ஐரீட்ஒன்லிலிஸ்ட் இருக்கிறது. அதற்கும் இதே குறிதான். ஜாவாவில் கேள்விக்குறி போட்டு 'எக்ஸ்டெண்ட்ஸ் எடையுள்ளது' என்று எழுதினால் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும்.

இந்த வசதி கிளாஸுக்கு மட்டும்தான், கைமாறும்போதெல்லாம் நகலாகும் ஸ்ட்ரக்டுக்குக் கிடையாது. நண்டை ஸ்ட்ரக்டாக எழுதியிருந்தால் பழைய எரர் திரும்ப வரும். அங்கேதான் கன்ஸ்ட்ரெயின்ட் உதவுகிறது:

மொத்தஎடை<டி>(ஐஎன்யூமரபிள்<டி> சரக்கு), நிபந்தனை: டி என்பது எடையுள்ளது

இதில் ஸ்ட்ரக்டும் போகும், கிளாஸும் போகும். எடையைக் கேட்பதற்காக ஸ்ட்ரக்டைப் பாக்ஸிங் செய்யும், அதாவது தனிப் பொருளாகப் பொதிந்து வைக்கும், செலவும் இல்லை.

இதைக் கற்றுக்கொண்ட பிறகு சிலர் எல்லா மெத்தடிலும் டி போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ரசீது அடிப்பதற்கு ஒரே ஒரு பொருளை வாங்கி, எடையைப் பார்த்து, எதையும் திருப்பித் தராத மெத்தடுக்கு ஜெனரிக் எதற்கு? பொருள் கிளாஸாக இருந்தால் எடையுள்ளது என்று நேராகவே வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தரும்போதுதான் டி தன் கூலியைச் சம்பாதிக்கிறது. 'பெரியது' என்று ஒரு மெத்தட், லிஸ்டிலேயே எடை கூடியதைத் தருகிறது என்று வையுங்கள். இன்டர்ஃபேஸை மட்டும் நம்பி எழுதினால் திரும்பி வருவது எடையுள்ளது. அதில் நண்டின் ஓட்டு அகலத்தைக் கேட்க முடியாது, மறுபடி காஸ்ட் செய்ய வேண்டும். டி போட்டு எழுதினால் நண்டு லிஸ்ட் கொடுத்தவருக்கு நண்டே திரும்பி வரும்.

இன்னொரு பழக்கம், கன்ஸ்ட்ரெயின்டை அடுக்கிவைப்பது. கிளாஸாக இருக்க வேண்டும், நியூ இருக்க வேண்டும், ஐகம்பேரபிள் (பெரிது சிறிது ஒப்பிட) வேண்டும், எடையுள்ளது வேண்டும் என்று நான்கும் ஒரே வரியில் நிற்கும். மெத்தடின் உடலைப் படித்தால் எடை ஒன்றைத்தான் தொட்டிருப்பார்கள். உள்ளே தொடாததைத் தலைப்பில் கேட்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. இந்த மெத்தடை இன்னொரு ஜெனரிக் மெத்தட் அழைத்தால் அந்த நான்கையும் அதுவும் எழுத வேண்டும், அதை அழைப்பதும் எழுத வேண்டும். ப்ராஜெக்ட் முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

இந்த நான்கில் எனக்குப் பிடிக்காதது 'நியூ'. அது கேட்பது ஆர்க்யுமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர். ராமேஸ்வரம் விசைப்படகு ஒவ்வொன்றின் மேலும் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும். படகு கிளாஸ் எழுதியவர் யோசித்துத்தான் அந்த எண்ணைக் கன்ஸ்ட்ரக்டரில் கட்டாயமாக்கியிருப்பார். 'நியூ' கன்ஸ்ட்ரெயின்டைத் திருப்திப்படுத்த வெற்றுக் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றையும் சேர்த்தால் பதிவு எண் இல்லாத படகுகள் உருவாகத் தொடங்கும், கடலுக்குப் போக அனுமதி தரும் டோக்கன் பட்டியலிலும் ஏறும். பொருளை உருவாக்கும் வேலையை ஃபங்க்<டி> ஒன்றாக, அதாவது ஒரு டியைத் தயாரித்துத் தரும் ஃபங்ஷனாக, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். படகை எப்படி உருவாக்குவது என்று அழைப்பவருக்குத் தெரியும்.

இருப்பதிலேயே மோசமானது, சத்தமே இல்லாமல் தப்பாக ஓடுவது. டி கிளாஸாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே இரண்டு டி மதிப்புகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிறார்கள். டிக்குப் பதில் ஸ்ட்ரிங் வந்தாலும் அங்கே நடப்பது எழுத்து ஒப்பீடு அல்ல. இரண்டும் மெமரியில் ஒரே பொருளா என்ற சோதனைதான். மெத்தடைக் கம்பைல் செய்யும்போது டி யார் என்று கம்பைலருக்குத் தெரியாது, ஸ்ட்ரிங்குக்கென்று இருக்கும் சமக்குறியை அது தேடிப் போகவும் செய்யாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். டெஸ்டில் பதிவு எண்ணைக் கோடிலேயே இரண்டு தடவை எழுதியிருப்பார்கள். ஒரே மாதிரியான லிட்டரல்களை ரன்டைம் ஒரே பொருளாக வைத்துக்கொள்வதால் 'சமம்' என்று பதில் வரும். துறைமுகத்தில் உண்மையான ஃபைலிலிருந்து படித்த எண் வேறு பொருள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் 'சமமில்லை' என்று வரும், ஒரே படகு பட்டியலில் இரண்டு முறை நிற்கும். ஐஈக்வேட்டபிள்<டி> என்று கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு ஈக்வல்ஸ் அழையுங்கள். கன்ஸ்ட்ரெயின்டே வேண்டாம் என்றால் ஈக்வாலிட்டிகம்பேரர்<டி>.டிஃபால்ட் இருக்கிறது.

அதற்காகக் கிளாஸ் கன்ஸ்ட்ரெயின்டே கூடாது என்று சொல்லவில்லை. லிஸ்டில் உள்ள பொருளை மாற்றும் மெத்தடுக்கு அது அவசியம். சரக்கு[0].எடைகூட்டு(2) என்று எழுதி, டி ஸ்ட்ரக்டாக அமைந்துவிட்டால், கூடுவது ஒரு நகலின் எடை. லிஸ்டில் இருப்பது அப்படியே இருக்கும், எந்த எரரும் வராது. உடலில் மாற்றம் நடக்கிறது என்றால் தலைப்பில் கிளாஸ் என்று கேட்பது நியாயம்.

ஒரே பெயரில் பல மெத்தட் எழுதும் ஓவர்லோட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்கு உண்டு, நாட்டுப்படகுக்கு இல்லை. 'போகலாமா' என்று ஒரே பெயரில் இரண்டு ஜெனரிக் மெத்தட் எழுதி, ஒன்றில் டி விசைப்படகு, மற்றதில் டி நாட்டுப்படகு என்று பிரிக்கப் பார்ப்பார்கள். மெத்தடை அடையாளம் காட்டும் சிக்னேச்சரில் (பெயர், பாராமீட்டர்) கன்ஸ்ட்ரெயின்ட் சேராது. இரண்டும் ஒன்றுதான் என்று எரர் வரும். ஜெனரிக்கை விட்டுவிட்டு, பாராமீட்டரின் டைப்பிலேயே விசைப்படகு, நாட்டுப்படகு என்று எழுதினால் முடிந்தது. ஜாவாவில் வேறொரு சிக்கல்: லிஸ்ட்<மீன்>, லிஸ்ட்<நண்டு> என்று பாராமீட்டரில் பிரித்தாலும் மோதும். கம்பைல் செய்யும்போதே அந்த டைப் விவரம் அழிக்கப்பட்டு இரண்டும் வெறும் லிஸ்ட் ஆகிவிடுகின்றன. 2004இல் ஜாவா 5 பழைய கோடோடு ஒத்துப்போக எடுத்த முடிவு அது.

ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் என்றால், கன்ஸ்ட்ரெயின்ட்களை ஒவ்வொன்றாக அழித்துக் கம்பைல் செய்து பாருங்கள். கம்பைல் ஆனால் அதை உள்ளே யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். பொருளை மாற்றும் மெத்தடில் இருக்கும் கிளாஸையும், ஈக்வல்ஸ் அழைக்கும் மெத்தடில் இருக்கும் ஐஈக்வேட்டபிளையும் மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள். அவை இல்லாமலும் கம்பைல் ஆகும். அழிப்பதால் மெத்தடை அழைப்பவர்களின் கோடு பொதுவாக உடையாது. புதிதாக ஒன்று சேர்த்தால் உடையலாம். ஓர் இன்டர்ஃபேஸில் சொன்ன ஜெனரிக் மெத்தடை இம்ப்ளிமென்ட் செய்திருந்தால், இரண்டு இடத்திலும் கன்ஸ்ட்ரெயின்ட் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே இன்டர்ஃபேஸிலும் சேர்த்தே அழியுங்கள்.