பழைய பாய்மரப் படகைச் சீர்செய்கிறீர்களா? உதிரிபாகச் செலவைக் குறைக்கும் வழி

இங்கிலாந்தில் பழைய வெஸ்டர்லி சென்டார் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, சாமான் விலையைப் பார்த்து முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 26 அடிப் படகு, இரட்டைக் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு). 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அதனால் உடைக்கப்போகும் படகுகளிலிருந்து பாகங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

படி 1: கழற்றிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். வின்ச் (பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) சுற்ற மறுத்தால் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் கொஞ்சமாக வைத்து, உள்ளே உள்ள குட்டி ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றுங்கள். அவை துள்ளிக் கடலுக்குள் போகும் சாதி. அட்டைப்பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு வின்ச்சைச் சுற்றி மாட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

படி 2: போல்ட் தலையைப் படியுங்கள். காசு கரையும் இடம் இதுதான். படகுச் சாமான் கடையில் இரண்டு போல்ட், நான்கு போல்ட் என்று பாக்கெட் போட்டு விற்பார்கள். அதே சரக்கை போல்ட்-நட்டு மட்டும் விற்கும் கடையில் பெட்டியாக வாங்கினால் விலை வெகுவாக இறங்கும். தலையில் 'ஏ4' என்று பொறித்திருக்க வேண்டும். அது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புத் தண்ணீரைத் தாங்கும். 'ஏ2' என்றால் 304. படகுக்குள்ளே அலமாரிக்குப் போதும், மேல்தளத்தில் போட்டால் பழுப்புக் கண்ணீர் வடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்கலாம் என்பார்கள். நம்பாதீர்கள், இரண்டுமே காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. சின்ன ஸ்க்ரூக்களில் குறி இருக்காது என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: நீர்மட்டத்துக்குக் கீழே கஞ்சத்தனம் வேண்டாம். கடல்நீர் வரும் குழாயின் வால்வு சாதாரணப் பித்தளையில் இருந்தால், நாளாக ஆக அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்புக் கூடு மிஞ்சும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். வெண்கலமோ, 'சிஆர்' குறி போட்ட, அரிப்பைத் தாங்கும் பித்தளையோ வாங்குங்கள்.

படி 4: போட் ஜம்பிள் சந்தை. பழைய படகுச் சாமான்களைப் பரப்பி விற்கும் சந்தை இது. நங்கூரம், கிளீட் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு), கப்பி எல்லாம் தாராளமாக வாங்கலாம். கப்பியின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் வைத்துவிடுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, லைஃப் ஜாக்கெட் இரண்டையும் பழையதாக எனக்குச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பிற்சேர்க்கை: புது எம்6 (6 மில்லிமீட்டர் அளவு) நட்டு பழைய போல்ட்டில் ஏறவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படகில் கால் அங்குல போல்ட் இருக்க வாய்ப்புண்டு. அதன் தடிமன் 6.35 மில்லிமீட்டர், மரையும் வேறு. ஸ்பேனரால் முறுக்கி ஏற்றாதீர்கள். போல்ட், நட்டு இரண்டையும் சேர்த்தே எம்6-க்கு மாற்றலாம், ஆனால் ஓட்டை தொளதொளக்கும். ஓட்டையை எபாக்சிப் பசையால் அடைத்துவிட்டு மறுபடி துளை போடுங்கள்.