கண்ணாடி அடுப்பில் கருப்பட்டிப் பாகு வழிந்தால்

கண்ணாடி மேற்பரப்பு மின் அடுப்புக்குப் பெரிய எதிரி சீனிதான். வட்டலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி கரைக்கையில் பாகு பொங்கி வழிந்தது. ஆறட்டும் என்று விட்டால், அது இறுகிச் சுருங்கும்போது கண்ணாடியையே சிறு செதில்களாகப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் குழி பிறகு மறையாது.

ஆகவே உடனே அடுப்பை நிறுத்தி, சட்டியை இறக்கினேன். தடித்த கையுறை போட்டு, பிளேட் பொருத்திய சுரண்டியைச் சுமார் 30 பாகை சாய்வில் பிடித்து, பாகு இளகியிருக்கும்போதே சூடில்லாத ஓரத்துக்குத் தள்ளினேன். ஈரத்துணி அப்போது கூடவே கூடாது, ஆவி கையைச் சுட்டுவிடும். கண்ணாடி இன்னும் சூடாக இருக்கிறது என்று காட்டும் விளக்கு அணைந்தபின், மிஞ்சிய பழுப்புக் கறையில் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் 15 நிமிடம் மூடி வைத்துத் துடைத்தேன். போய்விட்டது. வெள்ளைத் தண்ணீர்க் கறைக்கு வினாகிரி போதும். கம்பி நார் வேண்டாம், கீறும்.

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடுகளில் தாச்சி இல்லாத சமையலறை ஏது? ஆனால் அடி வளைந்த தாச்சி இதற்கு ஒத்துவராது. நடுவில் ஒரு காசளவுதான் கண்ணாடியைத் தொடும். மீதிச் சூடு வீண். தட்டை அடியா என்று பார்க்க, சட்டியின் அடியில் அடிமட்டத்தை (அளவுகோலை) வைத்துப் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது. அலுமினியச் சட்டியை இழுத்தால் சாம்பல் கோடு விழும், தூக்கி வையுங்கள்.

அடுப்பு சிவந்து அணைந்து மறுபடி சிவப்பது பழுதல்ல, சூட்டைக் கட்டுப்படுத்தும் முறையே அது. கண்ணாடியில் விரிசல் கண்டால் மட்டும் தொடாமல் சுவர் சுவிட்சை நிறுத்துங்கள். வழிந்த நீர் உள்ளே இறங்கினால் 230 வோல்ட் மின்சாரம் தாக்கும்.